எல்லாரும் பாதிரியார் அல்லர்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ சமயப் பணியாளர் ஒருவரைப் பற்றிய செய்தி வந்தால், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர், அவருக்குப் பட்டம் கொடுத்தவர் யார், பட்டம் பெற்றவர்தானா என்பவற்றையெல்லாம் பாராமல், 'பாதிரியார்' என்ற ஒற்றைச் சொல்லால் குறித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும் வழக்கம் நம் இதழ்களில் வேரூன்றிவிட்டது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாரைக் குறிக்க வந்தது, இன்று யாரையெல்லாம் சுமக்கிறது என்பதை உங்கள் முன் வைத்து, ஒரு வேண்டுகோளையும் விடுக்கவே இதை எழுதுகிறேன். நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி எதுவும் இல்லை.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'பாதிரி' என்பது இழிசொல், அதை அடியோடு கைவிட வேண்டும் என்று கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் தரப்பில் நின்று நான் எழுதவில்லை. போர்ச்சுக்கீசிய மொழியில் 'பாத்ரே' என்றால் தந்தை என்று பொருள். இலத்தீன் மொழியின் 'பாத்தெர்' அதற்கு மூலம். 'த்ர' என்ற மெய்ம்மயக்கம் தமிழ் நாவுக்கு ஒவ்வாததால் இடையில் ஓர் இகரம் நுழைந்தது. இறுதி எகரமும் இகரமாகச் சாய்ந்தது. 'பாத்ரே' 'பாதிரி' ஆயிற்று. 'மெஸ்த்ரே' என்ற சொல் 'மேஸ்திரி' ஆனதும் இதே வழியில்தான். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம், பேனா என்று நாம் வீட்டுக்குள் வைத்துப் புழங்கும் சொற்களோடு ஒரே கப்பலில் வந்திறங்கிய சொல் அது. இவற்றுள் எதையும் நாம் அந்நியமாக நினைப்பதில்லை.

பாதிரி மரம் என்றொரு மரம் தமிழகத்தில் உண்டு. வேனிற்காலத்தில் பூக்கும் அதன் மலரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் அந்த மரத்தால் பெயர் பெற்ற தலம். சமயப் பணியாளரைக் குறிக்கும் சொல்லுக்கும் இந்த மரத்துக்கும் எழுத்து ஒற்றுமையைத் தவிர எவ்வகை உறவும் இல்லை. இதை நான் எடுத்துச் சொல்லக் காரணம், அப்பர் கரையேறிய அந்தத் தலத்தின் பெயரை வைத்து இரு தரப்பிலும் விநோதமான விளக்கங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்பதுதான்.

போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் சென்ற கரைகளிலெல்லாம் இந்தச் சொல்லும் இறங்கியிருக்கிறது. மலையாளத்தில் 'பாதிரி', தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் 'பாத்ரி', சிங்களத்தில் 'பாதிலி'. ஜப்பானியரின் நாவில் அது 'பாதெரென்' ஆயிற்று. 1587-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷி கிறிஸ்தவக் குருக்களுக்கு எதிராகப் பிறப்பித்த வெளியேற்ற ஆணை, இந்தப் பெயரால்தான் அந்நாட்டு வரலாற்றில் அறியப்படுகிறது. பின்னர் ஆங்கிலேயர் அதைத் தம் படைப்பிரிவுகளின் சமய குருக்களுக்கு வழங்கினார்கள். இன்றைக்கும் இந்தியத் தரைப்படையில் சமய ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் பண்டிதர், சீக்கியரின் கிரந்தி, மௌல்வி ஆகியோருடன் 'பாத்ரே' என்ற பதவியும் இருக்கிறது. அரசு தன் பதவிப் பெயராகவே வைத்திருக்கும் ஒரு சொல்லை இழிசொல் என்று எப்படிச் சொல்வது?

தமிழில் அதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர்கள் 1530-களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். அவருக்குப் பின் அக்கரையில் வந்து தங்கித் தமிழைக் கற்ற என்ரிக்கே என்ரீக்கஸ் என்ற இயேசு சபைக் குரு, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறுநூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள் கொண்ட அது, இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல். அதன் முகப்பில் அவர் பெயர் 'அண்டிறிக்கிப் பாதிரியார்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. 'ஆர்' என்ற உயர்வு விகுதியோடுதான் அந்தச் சொல் தமிழ் அச்சுக்குள் நுழைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதிரியார் என்று எழுதுவது மரியாதைக் குறைவு என்போருக்கு இந்த ஒரு முகப்புப் பக்கமே போதுமான மறுமொழி.

விகுதியை வெட்டிவிட்டு 'பாதிரி கைது', 'பாதிரி ஓட்டம்' என்று தலைப்பிடுவது வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயக் கண்டன நூல்களில் 'பாதிரி' என்ற மொட்டை வடிவம் ஏளனத்தின் வாடையைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேய மிஷனரியான பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே, பின்னர் 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டு மிஷனரிகளுக்கு எதிராக வாதிட்ட காலம் அது. அன்று அதற்கு ஒரு விவாதச் சூழல் இருந்தது. இன்று செய்தித் தலைப்பில் 'ஆர்' விகுதி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடநெருக்கடிதான் என்பதை, பத்தி அகலத்தோடு மல்லுக்கட்டிய ஒருவனாக நான் அறிவேன். வாசகர் அதை அறியமாட்டார்.

இனி என் உண்மையான முறையீட்டுக்கு வருகிறேன். அச்சொல் மரியாதையானதா என்பதைவிட, அது யாரைக் குறிக்கிறது என்பதே என் கவலை.

'அண்டிறிக்கிப் பாதிரியார்' காலத்தில் அச்சொல்லுக்குத் தெளிவான பொருள் இருந்தது. அது கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரை மட்டும் குறித்தது. வேறு எவரும் அன்று அக்கரையில் இல்லை. அந்தத் தெளிவு இருந்த காரணத்தாலேயே, 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி அந்த அடையாளத்திலிருந்து விலகி நிற்க விரும்பினார். கரையோரத்துப் பாதிரியார்கள் போர்ச்சுக்கீசியரோடு, அதாவது பரங்கியரோடு, பிணைக்கப்பட்டிருந்தார்கள். திருமுழுக்குக் கேட்டு வருபவரிடம் 'பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா' என்று வினவும் அளவுக்கு அந்தப் பிணைப்பு இறுகியிருந்தது. நொபிலி காவி உடுத்தி, புலால் நீக்கி, 'தத்துவ போதகர்' என்ற பெயரை ஏற்றார். மக்கள் அவரை ஐயர் என்று விளித்தார்கள். அவருக்குப் பின் வந்த ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். பெஸ்கி வீரமாமுனிவர் ஆனார். உள்நாட்டுக் கத்தோலிக்கக் கிராமங்களில் குருவானவரைச் 'சாமி' என்றும் 'சாமியார்' என்றும் அழைக்கும் வழக்கம், துறவிக் கோலத்தில் வந்த இந்தப் பரம்பரையோடு சேர்ந்து வளர்ந்தது. பங்குச் சாமியாரைப் பாதிரியார் என்று நேரில் அழைக்கும் கத்தோலிக்கரை நீங்கள் காண்பது அரிது. 'சாமி' என்பார், அல்லது 'ஃபாதர்' என்பார். பொருள் பார்த்தால் ஃபாதரும் பாதிரியும் ஒன்றேதான், வந்த மொழிதான் வேறு.

1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கிய பிறகு நிலைமை மாறியது. கத்தோலிக்கரல்லாத சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த லுத்தரன் மிஷனரிகளும், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலிக்கன் மிஷனரிகளும் நம் மக்கள் நாவில் ஐயர் ஆனார்கள். சீகன்பால்க் ஐயர், சுவார்ட்ஸ் ஐயர், இரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப்பையர் என்றே தென்மாவட்டங்களில் வழங்கினார்கள். (போப் என்பது அவருடைய குடும்பப் பெயர், ரோமாபுரிப் போப்பாண்டவரோடு அவருக்கு யாதொரு தொடர்பும் இல்லை. இதையும் ஒருமுறை மெய்ப்பில் திருத்த வேண்டி வந்தது.) 1733-இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோன் முதல் இந்திய லுத்தரன் குரு. அந்த மரபில் வந்த போதகர்கள் இன்றும் பல ஊர்களில் ஐயர்தான். அவர் மனைவி ஐயரம்மா. சாதிப் பெயராக மட்டுமே அச்சொல்லை அறிந்த இளைய உதவி ஆசிரியருக்கு 'ஐயர் ஜெபம் செய்தார்' என்ற வாக்கியம் திகைப்பைத் தரும். உடனே அதைப் 'பாதிரியார்' என்று மாற்றிவிடுவார். மாற்றிய கையோடு, அந்த மனிதர் சார்ந்த முந்நூறு ஆண்டு மரபும் அழிந்துபோகிறது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு காட்சி. 'பாதிரியார் வீட்டில் கொள்ளை: மனைவியின் நகைகள் பறிபோயின' என்று ஒரு தலைப்பு வருகிறது. மணப்பாட்டிலோ இடிந்தகரையிலோ தேநீர்க் கடையில் அதைப் படிக்கும் கத்தோலிக்கர் முதலில் கேட்பது 'சாமிக்கு ஏது பெண்டாட்டி?' என்பதுதான். கொள்ளையனைப் பற்றிய பேச்சு அங்கேயே திசைமாறி, ஒரு குருவின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாக முடியும். செய்தியில் இருப்பவரோ சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் சேகர குருவானவராக, அதாவது உள்ளூர்க் குருவாக இருப்பார், முறைப்படி மணமானவர், பிள்ளைகளைப் பெற்றவர். 'சேகர குருவானவர்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இந்த வம்பு பிறந்திருக்காது.

'ஆயர்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். பேராயர் என்றால் அவருக்கும் மேல், உயர் மறைமாவட்டத்தின் தலைவர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பல சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ பேராயர் என்பவர்தான் மறைமாவட்டத் தலைவர். அவர்களுடைய பல பகுதிகளில் ஆயர் என்றால் ஒரு சபையை நடத்தும் உள்ளூர்க் குரு. இரண்டு திருச்சபைகளுக்கும் இடையே ஒரு படி சறுக்கிக் கிடக்கும் இந்தப் பெயர்களை ஒன்றெனக் கொண்டு எழுதினால், உள்ளூர்க் குரு மறைமாவட்டத் தலைவராகிவிடுவார். கத்தோலிக்கச் செய்தி என்றால் மறைமாவட்டம், பங்கு என்ற சொற்கள் வரும். தென்னிந்தியத் திருச்சபைச் செய்தி என்றால் பேராயம் அல்லது திருமண்டலம், சேகரம் என்ற சொற்கள் வரும். மாவட்ட நிருபர் அனுப்பும் மூலப்பிரதியில் இவை பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்துவதாக எண்ணிக்கொண்டு தலைமை அலுவலகத்தில்தான் நாம் குழப்புகிறோம்.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பழக்கம் கேலிக்கூத்தாகவே ஆகிவிடுகிறது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013-இல் புஷ்பலலிதா ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தந்தை என்று பொருள்படும் ஒரு சொல்லை எடுத்துப் 'பெண் பாதிரியார்' என்று எழுதுவதைவிடக் 'குருவானவர்' என்று எழுதினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிறதே. கத்தோலிக்கரிடையே 'அருள்பணியாளர்' என்றும் மற்றத் திருச்சபைகளில் 'அருள்திரு' என்ற அடைமொழியோடும் அழகான எழுத்து வழக்குகள் ஏற்கெனவே இருக்கின்றன.

இவையெல்லாம் மரியாதை, தெளிவு ஆகியவற்றைப் பற்றியவை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு. குற்றச் செய்திகளில்தான் இந்தச் சொல் பெருந்தீங்கு செய்கிறது. அந்தத் தீங்கு, பலரும் நினைப்பதுபோல், திருச்சபைகளின் நற்பெயருக்கு நேர்வது மட்டும் அன்று.

ஒரு சிறுமியிடம் முறைகேடாக நடந்ததாக ஒருவர் கைது செய்யப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பாதிரியார் கைது' என்று நாம் எழுதுகிறோம். அவர் மறைமாவட்டக் குருவாக இருந்தால், அவரை அந்தப் பங்கில் நியமித்த ஆயர் ஒருவர் இருக்கிறார்; முன்பே புகார் வந்ததா, வந்தபின் வேறு பங்குக்கு மாற்றினார்களா என்று அந்த ஆயரிடம் கேட்டாக வேண்டும். அவர் துறவற சபைக் குருவாக இருந்தால் அதே கேள்வியை அவருடைய சபையின் மாநிலத் தலைவரிடமும் கேட்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபைக் குருவாக இருந்தால் பேராயரும் நிர்வாகக் குழுவும் பதில் சொல்ல வேண்டும். வாடகைக் கட்டடத்தில் தானே ஒரு சபையைத் தொடங்கி, தன் பெயருக்கு முன் தானே பட்டத்தைச் சூட்டிக்கொண்டவராக இருந்தால், அவருக்கு மேலே கேட்பாரே இல்லை; அந்த உண்மையையே செய்தியாக எழுத வேண்டும். இந்த நான்கு நிலைகளையும் 'பாதிரியார்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. குற்றம் செய்த நிறுவனம் கூட்டத்துக்குள் மறைந்துகொள்கிறது; குற்றத்தில் பங்கில்லாத சபைகள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன; பாதிக்கப்பட்ட குடும்பம் எந்த வாசலைத் தட்டுவது என்று அறியாமல் நிற்கிறது. ஆகவே சரியான பெயரைக் கேட்கும் என்னை, குருக்களைக் காப்பாற்ற வந்தவன் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

பட்டம் பெறாத பணியாளர்களும் இருக்கிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியர், மற்றச் சபைகளில் சிற்றூர்களைக் கவனிக்கும் உபதேசியார், பள்ளிகளை நடத்தும் அருள்சகோதரர் ஆகிய எவரும் குருக்கள் அல்லர். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர், போதகர், ஊழியர் என்ற சொற்களே வழக்கில் உள்ளன. இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) கேப்டன், மேஜர் என்று படைப் பதவிகள் இருக்கின்றன. அங்கு ஒரு மேஜர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார் என்று செய்தி வந்தால் அதில் பிழையில்லை.

இத்தனை நுணுக்கத்தை நாளிதழின் நள்ளிரவு அவசரத்தில் எதிர்பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்பதற்கு உங்கள் இதழ்களே சாட்சி. சிதம்பரத்துச் செய்தியில் நீங்கள் 'தீட்சிதர்' என்று தவறாமல் எழுதுகிறீர்கள். திருவரங்கத்தில் பட்டர், சிவாலயத்தில் குருக்கள், கிராமத்து அம்மன் கோயிலில் பூசாரி, தேவாரம் பாட ஓதுவார், மடத்தில் தம்பிரான், ஆதீனத்தின் தலைமையில் குருமகா சந்நிதானம் என்று ஒன்றையும் மற்றொன்றாக எழுதிவிடாமல் காக்கிறீர்கள். பூசாரியைத் தீட்சிதர் என்று எழுதிய பிரதி உங்கள் கையைக் கடந்து போகாது. பள்ளிவாசல் செய்தியில் இமாமையும் மோதினாரையும் காஜியையும் பிரித்தறிகிறீர்கள். அந்தக் கவனம் தேவாலய வாசலில் மட்டும் ஏன் தளர்கிறது என்பதே என் கேள்வி. ஆங்கில முகமைச் செய்திகளை மொழிபெயர்ப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவற்றில் பிரீஸ்ட், பாஸ்டர், ரெவரண்ட், கிளெர்ஜி என்று வெவ்வேறாக வருபவை அனைத்துக்கும் நம்மிடம் ஒரே மொழிபெயர்ப்பு தயாராக இருக்கிறது. அகராதிக்குப் போகாமலே கை எழுதிவிடுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நடைக் கையேட்டில் 'பாதிரியார்' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். வரலாற்றுக் கட்டுரைகளிலும், பேச்சு வழக்கை மேற்கோள் காட்டும் இடங்களிலும், பெர்சிவல் பாதிரியார் என்பதுபோல் பெயரோடு ஒட்டி வழங்கிவிட்ட இடங்களிலும் அது தாராளமாக இருக்கட்டும். அன்றாடச் செய்தியில் அது தனித்து நிற்க வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அவருடைய திருச்சபையின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சேருங்கள். திருச்சபை தெரியவில்லை என்றால், தெரியும்வரை 'கிறிஸ்தவ மதபோதகர்' என்று பொதுவாக எழுதிவிட்டு, மறுநாள் பதிப்பில் சரியான விவரத்தைக் கொடுங்கள். எந்தச் சூழலிலும், குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக 'ஆர்' விகுதியை வெட்டாதீர்கள். மற்றச் சமயத்துக் குற்றவாளிகளுக்கு நீங்கள் அதை வெட்டுவதில்லை.

ஒரு மாவட்டத்தில் எந்தெந்தத் திருச்சபைகள் உள்ளன, அவற்றின் பணியாளர்களை அவர்கள் எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்பதை உங்கள் மாவட்ட நிருபரே ஒரு பக்கத்தில் எழுதித் தந்துவிடுவார். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களிலிருந்து தொடங்கினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இலங்கைச் செய்திகளை வெளியிடும் இதழ்கள், அங்கே 'வண. பிதா', 'அருட்தந்தை' என்ற வடிவங்கள் வழங்குவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அத்தகைய பக்கங்களைத் தொகுத்து மெய்ப்புப் பார்த்துத் தர, எந்த இதழ் கேட்டாலும், ஊதியம் எதுவும் இன்றி நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்